நூலகத்தை மூடும் முடிவு: ஸ்க்ரூட்டினி கமிட்டியால் என்ன செய்ய முடியும்?

கேள்வி: நாங்கள் வடமேற்கு லண்டனில் வசிக்கிறோம். எங்கள் பகுதி நூலகத்தை மூடுவதென்று கவுன்சிலின் கேபினட் கடந்த வாரம் முடிவெடுத்துவிட்டது. வார்டு கவுன்சிலரிடம் முறையிட்டபோது, “இதை ஸ்க்ரூட்டினி கமிட்டிக்குக் கொண்டுபோகிறோம்” என்றார். அந்தக் குழுவால் முடிவைத் தடுக்க முடியுமா? குடியிருப்பாளர்களாகிய நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஸ்க்ரூட்டினி கமிட்டி என்பது கேபினட்டின் முடிவுகளை ஆராய்ந்து கேள்வி கேட்கும் ஆய்வுக் குழு. அந்தக் குழுவால் முடிவை ரத்துசெய்ய முடியாது. நடைமுறைக்கு வராமல் சிறிது காலம் நிறுத்திவைக்கவும், மீண்டும் பரிசீலிக்குமாறு கேபினட்டுக்குத் திருப்பி அனுப்பவும் முடியும். இதற்கான கால அவகாசம் மிகக் குறைவு என்பதால், இதைப் படித்து முடித்தவுடன் உங்கள் கவுன்சிலரைத் தொலைபேசியில் அழையுங்கள். முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து பெரும்பாலான கவுன்சில்களில் ஐந்து வேலை நாள்கள் மட்டுமே தரப்படுகின்றன. கடந்த வார முடிவு என்றால் அவற்றில் சில ஏற்கெனவே போயிருக்கும்.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் வரும்வரை கவுன்சிலர்கள் அனைவரும் துறைவாரியான குழுக்களில் அமர்ந்து முடிவெடுத்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலான கவுன்சில்களில், தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் பத்துப் பேர் கொண்ட கேபினட்டின் கைக்கு அதிகாரம் போனது. அதற்கு ஈடாக, கேபினட்டில் இல்லாத கவுன்சிலர்களைக் கொண்டு ஆய்வுக் குழுக்களை அமைத்து, முடிவெடுத்தவர்களைக் கேள்வி கேட்கும் பொறுப்பைச் சட்டம் அவர்களிடம் ஒப்படைத்தது. கேபினட் உறுப்பினர் எவரும் இக்குழுக்களில் இடம்பெற முடியாது. 2011ஆம் ஆண்டின் சட்டம் பழைய குழுமுறைக்குத் திரும்ப வழிவிட்டதால் லண்டனின் சட்டன், கிங்ஸ்டன் போன்ற கவுன்சில்கள் அதற்கு மாறின. அத்தகைய இடங்களில் நடைமுறை வேறு. உங்கள் கவுன்சிலில் கேபினட் இருப்பதால் அதைப் பற்றி இங்கே விரிக்கவில்லை.

ஒரு கசப்பான உண்மையை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இக்குழுக்களின் இடங்கள் கவுன்சிலில் கட்சிகளுக்கு உள்ள பலத்தின் விகிதத்தில் பங்கிடப்படுவதால், ஆளும் கட்சிக்குத் தெளிவான பெரும்பான்மை இருக்கும் கவுன்சிலில் ஆய்வுக் குழுவிலும் அதற்கே பெரும்பான்மை கிடைக்கும். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைக் குழுத் தலைவராக்கும் நல்ல வழக்கம் பல இடங்களில் இருந்தாலும் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. எனவே வாக்கெடுப்பில் வெல்வதை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். குழுவின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. கேபினட் உறுப்பினரையும் உயர் அதிகாரிகளையும் அது அழைத்தால் அவர்கள் வந்தாக வேண்டும். பொதுமக்கள் பார்த்திருக்க, பதில் பதிவாகும்படி பேச வேண்டும். ஆய்வுக்குரிய விஷயம் தொடர்பான ஆவணங்களை, வெளியிடப்படாதவை உட்பட, கேட்டுப் பெறும் உரிமை குழு உறுப்பினர்களுக்கு உண்டு. கேட்டபின் பத்து முழு நாள்களுக்குள் அவை தரப்பட வேண்டும். குழு அறிக்கையோ பரிந்துரையோ அளித்துப் பதில் கேட்டால், இரண்டு மாதங்களுக்குள் கேபினட் பதிலளிக்க வேண்டும். பரிந்துரையை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உங்கள் கவுன்சிலர் குறிப்பிட்டது ‘கால்-இன்’ எனப்படும் நடைமுறையாக இருக்கும். எடுக்கப்பட்டு இன்னும் நடைமுறைக்கு வராத முடிவை ஆய்வுக் குழுவின் முன் இழுத்துவருவதே அது. எத்தனை கவுன்சிலர்கள் கையெழுத்திட வேண்டும், எந்தக் காரணங்கள் செல்லும் என்பவை கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறுபடும். உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் ‘கான்ஸ்டிட்யூஷன்’ (கவுன்சிலின் நடைமுறை விதித்தொகுப்பு) என்ற தலைப்பில் உள்ள ஆவணத்தில் ஆய்வுக் குழுவுக்கான விதிகளைத் தேடிப் பாருங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் குடியிருப்பாளர்களே கையெழுத்திட்டுக் கோரவும் சில கவுன்சில்கள் இடமளிக்கின்றன. அவசர முடிவு என்று அறிவிக்கப்பட்டவற்றுக்கு இந்த நடைமுறை பொருந்தாது. பொதுவாக ஒரு முடிவை ஒரே ஒருமுறைதான் இப்படி அழைக்க முடியும். ஆகவே அந்த ஒரு வாய்ப்பை வீணாக்காத அளவுக்குக் காரணங்கள் வலுவாக எழுதப்பட வேண்டும்.

பெரும்பாலான குடியிருப்பாளர் குழுக்கள் தடுமாறுவது இங்கேதான். “எங்கள் பிள்ளைகளின் நூலகத்தை ஏன் மூடுகிறீர்கள்?” என்று கேட்டால், நிதி நெருக்கடியைப் பற்றி ஏற்கெனவே எழுதிவைத்த பதில் வாசிக்கப்படும், மூன்று நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். கேபினட்டுக்கு வைக்கப்பட்ட அதிகாரிகளின் அறிக்கையை இணைப்புகளோடு தரவிறக்கி, பத்தி எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். சேமிப்பு என்று காட்டப்படும் தொகையில், பூட்டிய கட்டடத்துக்கான பாதுகாப்பு, காப்பீட்டுச் செலவுகள் கழிக்கப்பட்டுள்ளனவா? நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பது போன்ற மாற்று வழிகளின் கணக்கு எங்கே? கருத்துக்கேட்புப் படிவம் ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் முதியவர்களை எப்படிச் சென்றடைந்தது? 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுபான்மை இனத்தவர் ஆகியோர் மீதான பாதிப்பைக் கவுன்சில் உரிய கவனத்தோடு கருத வேண்டும். அந்தப் பாதிப்பைப் பற்றிய மதிப்பீட்டின் தேதி முடிவெடுத்த தேதிக்குப் பிந்தையதாக இருந்தால், அதைவிட வலுவான கால்-இன் காரணம் உங்களுக்குத் தேவைப்படாது.

இக்கேள்விகளை முன்கூட்டியே குழுத் தலைவருக்கும், குழுவுக்கு உதவும் அதிகாரிக்கும் அனுப்பிவிடுங்கள். ஆளும் கட்சி உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். தம் கட்சித் தலைவரை வெளிப்படையாக எதிர்க்கத் தயங்கும் கவுன்சிலர்கூட, கணக்கைப் பற்றிய கேள்வியைச் சங்கடமின்றிக் கேட்பார். கட்சிக் கொறடாவின் உத்தரவுப்படி ஆய்வுக் குழுவில் வாக்களிப்பது அக்குழுவின் நோக்கத்துக்கே பொருந்தாது என்பதையும் அவர்களுக்கு மரியாதையோடு நினைவூட்டலாம்.

கேள்வி கேட்க வேண்டியவர்கள் கேட்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக்கால உதாரணங்கள் உண்டு. வட இங்கிலாந்தின் ரோதர்ஹாமில் குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலைப் பற்றிய அறிக்கைகள் கேபினட்டுக்கும் ஆய்வுக் குழுக்களுக்கும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தும், உறுப்பினர்களிடம் எதிர்பார்க்கப்படும் கறாரான விசாரணை இல்லை என்று 2015இல் அரசு நியமித்த லூயிஸ் கேசியின் ஆய்வு கண்டது. தெற்கு லண்டனின் குராய்டனில் 2020 அக்டோபரில் வெளியான தணிக்கையாளர்களின் பொதுநல அறிக்கை, நிதிநிலை மோசமாவதைக் கவுன்சில் ஒட்டுமொத்தமாகக் காணத் தவறியதைச் சாடியது. அடுத்த மாதமே, புதிய செலவுகளை நிறுத்தும் 114ஆம் பிரிவு அறிவிப்பு வந்தது. இரண்டு இடங்களிலும் குழுக்கள் இல்லாமல் இல்லை, கூட்டங்களும் முறையாகவே நடந்தன. காகிதத்தில் இருக்கும் அதிகாரத்தை நம்பி வெளியே இருப்பவர்கள் சும்மா இருந்துவிட முடியாது என்றே நான் கருதுகிறேன்.

கூட்டத்துக்கு முந்தைய ஐந்து முழு வேலை நாள்களுக்கு நிகழ்ச்சி நிரல் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும். பேச அனுமதி வேண்டுமானால் முன்பதிவுக்கான கெடுவைப் பாருங்கள். ஆளுக்கொன்றாக ஒரே புலம்பலைத் திரும்பச் சொல்வதைவிட, ஒருவர் கணக்கையும் மற்றொருவர் கருத்துக்கேட்பையும் எடுத்துக்கொள்வது நல்லது. பொதுமக்களுக்குத் திறந்த பகுதியை நீங்கள் ஒளிப்பதிவு செய்யலாம். 2014ஆம் ஆண்டின் விதிகள் அந்த உரிமையைத் தருகின்றன. வணிக ரகசியம் போன்ற காரணங்களைக் காட்டி உங்களை வெளியேறச் சொன்னால், எந்த விதிவிலக்கின்படி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழு திருப்பி அனுப்பியும் கேபினட் அதே முடிவை உறுதிசெய்தால், 1964ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி முழுமையான, திறமையான நூலகச் சேவை தரும் கடமையைக் கவுன்சில் மீறுகிறது என்று பண்பாட்டுத் துறை அமைச்சருக்கு முறையிடலாம். நீதிமன்ற மறுஆய்வு கோருவதென்றால் தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும். ஆய்வுக் குழுவின் அறிக்கைக்காகவோ கேபினட்டின் பதிலுக்காகவோ காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிடாமல், பொதுச் சட்டத்தில் (அரசு அமைப்புகளின் முடிவுகள் தொடர்பான சட்டம்) தேர்ந்த வழக்கறிஞர் ஒருவரை இப்போதே கலந்தாலோசியுங்கள்.