வீட்டுக்கு வரும் பராமரிப்பாளரை எப்படி நம்புவது?

கேள்வி: பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருக்கும் என் மாமியாரைக் கவனிக்க, ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை அமர்த்தியிருக்கிறோம். ‘நர்ஸ்’ என்றுதான் அனுப்பினார்கள். எதை வைத்து நம்புவது?
– வாசகி, மதுரை

பதில்: நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சில் பதிவு எண் இருக்கும், அதைக் கேளுங்கள். இல்லையெனில் அவர் உதவியாளர்தான், ஊசி போட விடாதீர்கள். இத்தகைய சேவைகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுப்பதற்காக 2019-இல் மக்களவையில் அறிமுகமான மூத்த குடிமக்கள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறாமலே போனதால், கண்காணிப்பு பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்ததை நோட்டில் நேரத்துடன் எழுதச் சொல்லுங்கள். (சம்பளம் பேசும்போது இதை யாரும் பேசுவதில்லை!) உடம்பு துடைக்கும்போது இடுப்பின் பின்புறத்தையும் குதிகாலையும் நீங்களே பாருங்கள், விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு, கறுத்த தோலானால் சூடு அல்லது கெட்டித்தன்மை, படுக்கைப் புண்ணின் தொடக்கமாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.