எம்.பி.யிடம் கப்பல் கேட்கலாமா? அந்தமான் வாசகருக்குப் பதில்

கேள்வி: அந்தமானில் வெளித்தீவு ஒன்றில் கடை நடத்துகிறேன். கப்பல் சொன்ன நாளுக்கு வருவதில்லை, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் (இறங்குதுறையில்) மழைக்கு ஒதுங்கவும் இடமில்லை. எம்.பி.க்கு மனு கொடுத்தும் பலன் இல்லை. அவருடைய நிதியிலிருந்து ஒரு கப்பல் வாங்கித் தர முடியாதா?

முடியாதுங்க. தொகுதி மேம்பாட்டு நிதி என்பது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். தென்சென்னை எம்.பி.க்கும் அதே 5 கோடி, எண்ணூறுக்கும் மேற்பட்ட தீவுகளுக்கு ஒரே ஆளாக டெல்லியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் எம்.பி.க்கும் அதே 5 கோடி. அதையும் அவர் கையால் செலவழிக்க முடியாது. அவர் பரிந்துரைப்பார், ஒப்புதல் கொடுத்து வேலையை முடிப்பது மாவட்ட நிர்வாகம். ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நிழற்கூடம் வேண்டுமென்றால் இந்த நிதியில் தாராளமாகக் கேளுங்கள். கப்பலுக்கு டீசல், மாலுமிகளுக்குச் சம்பளம் என்று வருடா வருடம் வரும் செலவுக்கு இதில் இடமே கிடையாது.

பெரிய பணம் மத்திய அரசிடமிருந்துதான் வர வேண்டும். தமிழ்நாட்டில் என்றால் எம்.எல்.ஏ., மாநில அமைச்சர் என்று நான்கு கதவு தட்டலாம். அங்கே சட்டமன்றமும் இல்லை, மாநிலங்களவையில் ஒரு இடமும் இல்லை. நிர்வாகம் துணைநிலை ஆளுநரிடம், நிதி பெரும்பாலும் உள்துறை அமைச்சகத்தின் வழியாக. 1967 வரை மக்களவை உறுப்பினரைக்கூட நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, குடியரசுத் தலைவர்தான் நியமித்தார். அதனால் அந்த ஒரு எம்.பி. சபையில் எழுப்பும் கேள்விக்கு இருக்கிற மதிப்பு, என் கணக்கில், அவருடைய 5 கோடியைவிடப் பெரிது.

உங்கள் மனு எங்கே சிக்கியிருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது: கப்பலையும் ஜெட்டியையும் ஒரே தாளில் எழுதியிருப்பீர்கள். தீவுகளுக்கு இடையே கப்பல் ஓட்டுவது அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் சேவை இயக்ககம். ஜெட்டி கட்டுமானத்தைப் பார்ப்பது அந்தமான் லட்சத்தீவு துறைமுகப் பணிகள் அமைப்பு, அது டெல்லியில் துறைமுக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இரண்டையும் கலந்து எழுதினால் ஒவ்வொரு மேசையும் "இது எங்களுடையது இல்லை" என்று அடுத்த மேசைக்குத் தள்ளிவிடும். இரண்டு தனித்தனி மனுவாகக் கொடுங்கள்.

அப்புறம், "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிக்காமல் எம்.பி. அப்படியே எடுத்துக் கேட்கிற மாதிரி கேள்வியை எழுதிக் கொடுங்கள். "கடந்த 3 ஆண்டுகளில் இந்தத் தடத்தில் எத்தனை பயணங்கள் அறிவிக்கப்பட்டன, எத்தனை ரத்தாயின, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன, மாற்றுக் கப்பலுக்கு நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா?" இதை நட்சத்திரக் குறியில்லாத கேள்வியாகப் போட்டால் அமைச்சர் எழுத்தில் பதில் தர வேண்டும், அது மக்களவை இணையதளத்தில் நிரந்தரமாக நிற்கும், நாளை நீங்கள் அதையே ஆதாரமாக வைத்துத் தொடரலாம். முன்னறிவிப்புக்கு 15 நாள் ஆகும் என்பதால் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடாதீர்கள். அவசரம் என்றால் ஜீரோ நேரம், அதாவது உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் நேரம் இருக்கிறது, அதில் பேசலாம், ஆனால் அமைச்சர் உடனே பதில் சொல்லக் கட்டாயமில்லை. மக்களவை நடைமுறை விதி 377-இன் கீழ் எழுப்பினால் சம்பந்தப்பட்ட அமைச்சகத்திலிருந்து எழுத்துப் பதில் வரும்; பலரும் மறந்துவிடுகிற இந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது.

தாமதத்துக்கும் தயாராக இருங்கள். இன்று நீங்கள் பயன்படுத்துகிற இணையத்தையே பாருங்கள். செயற்கைக்கோளை நம்பித் திணறிக்கொண்டிருந்த தீவுகளுக்குக் கடலடிக் கேபிள் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்தது 2014-இல், மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2016-இல், சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது 2020 ஆகஸ்டில். செலவு சுமார் 1,224 கோடி. எம்.பி. நிதியைச் சேர்த்து வைத்துக் கட்டியிருந்தால் கிட்டத்தட்ட 245 வருடம் ஆகியிருக்கும்.

பிப்ரவரி 1-இல் பட்ஜெட் என்றாலும், அமைச்சகங்கள் தங்கள் மதிப்பீடுகளை அதற்குச் சில மாதம் முன்பே நிதி அமைச்சகத்தோடு பேசி முடிக்கப் பார்க்கும். ஆகவே கப்பல் மனு ஆகஸ்டுக்குள் எம்.பி. அலுவலகத்தில் இருக்கட்டும், ஒரு நகல் துணைநிலை ஆளுநருக்கும் போகட்டும். இரண்டிலும் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நிழற்கூடத்துக்கு இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், அதை இந்த வாரமே கேளுங்கள்.