சிரட்டைத் தராசு ஏன் சரிகிறது?

கேள்வி: நாலரை வயது மகளுக்காக ஒரு தடியின் இரு நுனியிலும் சிரட்டை கட்டித் தராசு செய்தேன். வெறுமையாக இருக்கும்போதே ஒரு பக்கம் சரிந்தது. நடுக்கயிற்றை நகர்த்திச் சமப்படுத்தினேன். இப்போது இரண்டிலும் ஒரே அளவு பயறு போட்டாலும் சரிகிறது. எங்கே பிழை?
– வாசகி, பரந்தன்

பதில்: கயிற்றை நகர்த்தியதுதான் பிழை. 60 செ.மீ. தடியில் நடுக்கயிறு 2 செ.மீ. விலகினால் ஒரு பக்கம் 28, மறுபக்கம் 32 செ.மீ. ஆகிவிடும். நீண்ட பக்கத்தில் 100 கிராம் வைத்தால், குட்டைப் பக்கத்தில் ஏறக்குறைய 114 கிராம் வைத்தால்தான் சமன்படும். வெறும் தராசு நேராக நிற்பதால் இது கண்ணில் படாது. பிள்ளையோ தராசு சொல்வதையே நம்பும்.

கயிற்றை மறுபடி நட்டநடுவுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் சரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் சிரட்டைதான். ஒரே தேங்காயிலும் கண் உள்ள பாதியும் மற்றப் பாதியும் ஒரே பாரம் இருப்பது அரிது. பாரம் குறைந்த சிரட்டையின் அடியில் மெழுகுதிரி மெழுகைச் சிறிது சிறிதாக ஒட்டிச் சமப்படுத்துங்கள். களிமண் வேண்டாம், காயக் காயப் பாரம் குறையும்.

தடியில் மூன்று இடத்திலும் கத்தியால் மெல்லிய வெட்டுப் போட்டால் கயிறு வழுக்காது. நடுக்கயிற்றின் முடிச்சு தடியின் மேற்பக்கமும் நுனி முடிச்சுகள் கீழ்ப்பக்கமும் இறுக்கமாக இருக்க வேண்டும். மாறினால், சமமான பாரம் வைத்தாலும் தராசு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் விழுந்துவிடும். காற்றுப் படாத இடத்தில், சுவரில் முட்டாமல், பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள்.

ஆனால் எடுத்தவுடன் தராசுக்குப் போகாதீர்கள். முதலில் கை. ஒரு கையில் காய்ந்த பொச்சுமட்டை, மறுகையில் அதைவிடச் சிறிய கருங்கல். “எது பாரம்?” என்று தூக்குவதற்கு முன் ஒருமுறை, தூக்கிய பின் ஒருமுறை கேளுங்கள். பெரியதெல்லாம் பாரம் என்ற எண்ணம் அங்கேயே ஆட்டம் காணும்.

அடுத்ததாக ஒரு தீப்பெட்டி நிறைய மணல் போடுங்கள். வெறும் சவர்க்காரப் பெட்டி ஒன்றில் தராசு சமன்படும் வரை மணல் போட்டு, இரண்டு பெட்டிகளின் மூடியையும் ஒட்டிவிடுங்கள். கையில் தூக்கினால் தீப்பெட்டிதான் பாரம் போலத் தோன்றும், பெரியவர்களுக்கும்கூட. பிரான்ஸைச் சேர்ந்த மருத்துவர் சார்பந்தியே 1891இலேயே இந்த மயக்கத்தைப் பதிவு செய்தார். கை ஒன்று சொல்ல, தராசு வேறொன்று சொல்லும் அந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கட்டும். அளக்கும் கருவி எதற்கு என்பது அப்போதுதான் விளங்கும்.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கச்சான், புளியங்கொட்டை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். குன்றிமணி நஞ்சு, எந்த வயதுக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: களிமண் உருண்டையைத் தட்டையாக்கினால் பாரம் கூடிவிட்டது என்கிறான் ஆறு வயது மகன். திருத்த வேண்டுமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம். உருவம் மாறினாலும் பாரம் மாறாது என்பது ஒன்பது வயதளவில்தான் பிள்ளைகளுக்கு உறுதிப்படும் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே கண்டார். சமமான இரு உருண்டைகளைத் தராசில் வைத்து, ஒன்றை மட்டும் எடுத்துத் தட்டையாக்கித் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். கையில் களி ஒட்டிக்கொண்டால் தராசு சரியும், அதனால் கையை முதலில் நனைக்காதீர்கள்.

கேள்வி: ஏழு வயதும் நாலு வயதும் ஆன பிள்ளைகளுக்குப் பலகையில் சீசோ செய்யலாமா?
– வாசகி, புளியங்குளம்

பதில்: தாராளமாக. 6 அடிப் பலகை, நடுவில் மணல் பாதி நிரப்பிய உரப்பை. பையைத் தட்டி 15 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். 20 கிலோப் பிள்ளை நடுவிலிருந்து 60 செ.மீ.இலும் 15 கிலோப் பிள்ளை 80 செ.மீ.இலும் இருந்தால் சமன்படும். இரண்டு பக்கமும் பெருக்கினால் 1200. அந்த இடங்களை நீங்கள் குறித்துக் கொடுக்காதீர்கள். மூத்தவர் தானே உள்ளே நகர்ந்து நகர்ந்து கண்டுபிடித்த பிறகு, அந்த இடத்தில் கரியால் கோடு போடச் சொல்லுங்கள். கால்விரல்கள் பலகைக்கு அடியில் போகாதபடி இரு முனைக்குக் கீழும் பழைய ரயர்த் துண்டு வைக்க வேண்டும்.