கொலாஜன் சீரம் போட்டும் முகம் இழுக்கிறதே?

ஊட்டி பனியில் கொலாஜன் சீரம் போட்ட கொஞ்ச நேரத்தில் முகம் இழுத்துப் பிடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சீரம் கெட்டுப்போனதாகத் தோன்றவில்லை. கொலாஜன் என்பது தோலில் இருக்கும் ஒரு புரதம்; அதன் முழு மூலக்கூறு சுமார் 3,00,000 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு). தோலுக்குள் எளிதாக நுழைய 500-க்குள் இருக்க வேண்டும். சீரங்களில் பொதுவாக இருப்பது உடைத்த துண்டுகள்தான். அவையும் பெரும்பாலும் மேலேயே தங்கி, தண்ணீரைப் பிடித்து வைத்து, மெல்லிய படலமாகக் காயும். இழுப்பு அதனால்தான் இருக்கும். உறைபனிக் காலத்தில் அறைக்குள் ஹீட்டர் வேறு ஓடினால் காற்று இன்னும் வறண்டு, இருக்கிற ஈரமும் போய்விடும்.

முகம் கழுவி, ஈரம் காயுமுன் சீரம், உடனே மேலே கெட்டியான க்ரீம் அல்லது கொஞ்சம் வாஸ்லின். சுருக்கம் மறையும் என்ற அட்டை வாசகத்தை நான் நம்பமாட்டேன், அது வேறு கதை. அப்புறம், அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள். பல சீரங்களில் கொலாஜன் மீனிலிருந்து எடுத்தது, மீன் ஒவ்வாமை இருந்தால் அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.