சிங்கிள் பேஸில் லேத் மோட்டார்: கேள்வி பதில்

கேள்வி: 3 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டாரோடு பழைய லேத் ஒன்று வந்திருக்கிறது. என்னிடம் சிங்கிள் பேஸ்தான் உண்டு. இரண்டு வயரை மட்டும் கொடுத்தேன். உறுமுகிறது, சுற்றவில்லை.

பதில்: இனி ஒரு தடவைகூட அப்படிக் கொடுக்காதீர்கள். உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும், வைண்டிங் கருகிவிடும். த்ரீ பேஸில் மூன்று அலைகளும் 120 டிகிரி தள்ளித் தள்ளி வருவதால் காந்தப்புலம் தானாகவே சுழல்கிறது, ரோட்டார் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) அதைத் துரத்துகிறது. ஒரே பேஸில் புலம் நின்ற இடத்திலேயே மாறி மாறி அடிக்கும். எந்தப் பக்கம் போவதென்று ரோட்டாருக்குத் தெரியாது.

ஒரே லேத் என்றால் நான் வி.எஃப்.டி. போடச் சொல்வேன், அதாவது சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாக்கி, ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தையும் மாற்றும் டிரைவ். மூன்று நான்கு மெஷின் இருந்தால் ரோட்டரி கன்வெர்ட்டர், அதாவது ஒரு பெரிய த்ரீ பேஸ் மோட்டாரைச் சும்மா ஓடவிட்டு அதிலிருந்து மூன்றாவது பேஸை எடுப்பது. எதை வாங்குவதற்கு முன்னாலும் மோட்டார் பிளேட்டைத் துடைத்துப் படியுங்கள். 230/400 என்று இருந்தால் உங்களுக்கு வேலை சுலபம்: டெர்மினல் பாக்ஸில் பட்டைகளை ஸ்டாரிலிருந்து (மூன்று சுருள்களின் ஒரு முனை ஒரே இடத்தில் சேர்வது) டெல்டாவுக்கு (சுருள்கள் முக்கோணமாகச் சேர்வது) மாற்றினால் போதும். சிங்கிள் பேஸ் டிரைவ் தரும் 230 வோல்ட்டிலேயே முழு சக்தியும் கிடைக்கும்.

கேள்வி: என் பிளேட்டில் டெல்டா 400 என்று மட்டும்தான் இருக்கிறது.

பதில்: சாதாரண 230 வோல்ட் டிரைவ் போட்டால் சுமார் 29 ஹெர்ட்ஸ் வரைதான் முழு இழுவை கிடைக்கும். 400 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸால் வகுத்தால் 8. அந்த விகிதத்தில் 230 வோல்ட் 29-லேயே தீர்ந்துவிடும். டிரைவ் செட்டிங்கிலும் 50 ஹெர்ட்ஸுக்கு 400 வோல்ட் என்றே கொடுக்க வேண்டும். அதற்கு மேல் சுற்றும், ஆனால் வெட்டில் தளரும். 230 வாங்கி 400 தரும் டிரைவ்களும் உண்டு, அதைத் தேடுங்கள்.

கேள்வி: டெர்மினல் பாக்ஸில் மூன்றே வயர். டெல்டாவுக்கு மாற்றவே முடியாதா?

பதில்: ஸ்டார் முடிச்சு உள்ளே புதைந்திருக்கிறது. மோட்டாரின் மூடியைக் கழற்றி, வைண்டிங் ஓரத்தில் நூல் கட்டுக்குள் ஸ்லீவ் போட்ட தடித்த இணைப்பு ஒன்றைத் தேடுங்கள். மூன்று முனைகள் சேரும் இடம் அதுதான். பழைய வார்னிஷ் கண்ணாடி மாதிரி நொறுங்கும், அதனால் லேசாகச் சூடேற்றி இளக்கிப் பிரியுங்கள். மூன்றையும் தனித்தனி வயரில் சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டு, நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றி வெளியே கொண்டு வாருங்கள். எந்த முனை எந்தச் சுருளோடு சேர்ந்தது என்று மீட்டரில் பார்த்து எழுதிவைத்த பிறகே டெல்டா கட்டுங்கள். கை நடுங்கினால் வைண்டிங்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கெபாசிட்டர் வைத்து ஓட்டலாமே அண்ணா?

பதில்: ஓடும் தம்பி. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோ ஃபாரட் என்பது பழைய கணக்கு. சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் அதிகம். டிரில்லிங் மெஷினுக்குப் போதும், லேத்துக்கு வேண்டாம்.

கேள்வி: டிரைவ் போட்டபின் கியர் எதற்கு? ஒரே கியரில் வைத்துக் குமிழைத் திருப்பினால் போதாதா?

பதில்: போதாது. 250 மி.மீ. வார்ப்பிரும்புத் தட்டுக்கு முகம் எடுக்கிறீர்கள், நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று வையுங்கள். ஸ்பிண்டில் (வேலைப்பொருளைச் சுழற்றும் தண்டு) நிமிடத்துக்கு 32 சுற்று சுற்ற வேண்டும். 50 ஹெர்ட்ஸில் 1,200 சுற்று தரும் மேல் கியரில் வைத்தால் டிரைவ் 1.3 ஹெர்ட்ஸுக்கு இறங்கணும். உளி பட்டதும் நின்றுவிடும். பேக் கியரில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) அதே 32 சுற்றுக்கு மோட்டார் முழு வேகத்தில், முழு சக்தியோடு ஓடும்.

அதே நண்பர்: டிரைவின் வெக்டர் மோடில் (இழுவையைக் கணித்துக் கரண்ட் தரும் செட்டிங்) குறைந்த வேகத்திலும் முழு இழுவை வரும்.

பதில்: வரும், ஆனால் மோட்டாரின் சொந்த இழுவை மட்டும். கியர் அதைப் பெருக்கித் தருகிறது, டிரைவ் பெருக்காது. வேகம் ஐந்தில் ஒன்றானால் சக்தியும் ஐந்தில் ஒன்றுதான்.

இன்னொருவர்: நான் ஒரு வருஷமாக ஒரே கியரில்தான் ஓட்டுகிறேன். மோட்டாருக்குத் தனி ஃபேன் வைத்திருக்கிறேன். பிரச்சினையே இல்லை.

பதில்: என்ன கடைகிறீர்கள்? 25 மி.மீ. அலுமினியக் கம்பி என்றால் 1,200 சுற்று அதற்குச் சரியான வேகமே. ஃபேன் வைத்தது நல்ல காரியம். மெதுவாக ஓடும்போது மோட்டாரின் சொந்த ஃபேனும் மெதுவாகிச் சூடு ஏறும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் இழுவைக் கணக்கை ஃபேன் மாற்றாது. 25 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை குமிழில் விளையாடுங்கள், அதற்குக் கீழே கியர் மாற்றுங்கள்.

கேள்வி: பிரேக் நேரத்தை ஒரு நொடியாக வைத்தேன், டக்கென்று நிற்கிறது. அருமை!

பதில்: சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் கவ்வி) ஸ்பிண்டிலில் எப்படிப் பூட்டியிருக்கிறது? மரையில் ஏறும் சக் என்றால் அந்த பிரேக் நேரத்தை இன்றே மாற்றுங்கள். ஸ்பிண்டில் சட்டென்று நின்றால் சக் தன் வேகத்தில் தானே கழன்று வரும். அப்படிக் கழன்ற சக் லேத்தின் பெட்டில் விழுந்து உருண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். காலில் விழாதது தெய்வாதீனம். 5, 6 நொடிக்குக் குறைக்காதீர்கள். ஸ்பிண்டிலை ரிவர்ஸில் ஓடவிடுவதும் அதே ஆபத்துதான்.

கேள்வி: லேத்தின் பழைய ரிவர்ஸ் சுவிட்ச் வழியாகவே மோட்டாருக்கு லைன் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச், காண்டாக்டர் எதுவும் வேண்டாம். ஓடும்போது பிரித்தால் டிரைவ் போய்விடும். அந்த சுவிட்சை டிரைவின் கண்ட்ரோல் டெர்மினலுக்குக் கொண்டுபோங்கள். டிரைவின் மூடியைத் திறக்கும் முன் ஒன்று: டிஸ்ப்ளே அணைந்தாலும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் கை வைக்கணும்.

கேள்வி: 5 எச்.பி. மோட்டாருக்கு எந்த டிரைவ்?

பதில்: பிளேட்டில் என்ன வோல்ட், எத்தனை ஆம்பியர்? அதை எழுதாமல் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. த்ரீ பேஸ் இன்புட் டிரைவை சிங்கிள் பேஸில் போடுவதென்றால் இரு மடங்கு பெரிதாக வாங்கணும்.

கேள்வி: 2 எச்.பி.க்கு எது நல்லது?

பதில்: பிளேட். மேலே முதல் பதில்.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன், ஸ்பிண்டில் தலைகீழாகச் சுற்றுகிறது. இன்புட் வயரை மாற்றிப் பார்த்தும் அப்படியே.

பதில்: இன்புட்டை எப்படி மாற்றினாலும் திசை மாறாது. டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்றில் ஏதாவது இரண்டை மாற்றுங்கள். ஆஃப் செய்து, பத்து நிமிடம் கழித்து, மீட்டர் வைத்துப் பார்த்து.