நாத்தனார் பன்றிக்கறி பாவம்னு சொல்றாங்க – பதில்

சிஸ்டர், விருந்துல பன்றிக்கறி போட்டதுக்கு நாத்தனார் பைபிள்ல பன்றி தீட்டுன்னு சொல்ற லேவியராகமம் 11-ஐ காட்டி சண்டை போட்டாங்க, இயேசுவே நியாயப்பிரமாணத்தை (மோசே சட்டத்தை) அழிக்க வரலைன்னு சொன்னாரேன்னு மடக்கிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. அந்த வசனம் மத்தேயு 5:17, ஆனா அதுலயே நிறைவேத்த வந்தேன்னும் இருக்குல்ல, பாதியை மட்டும் சொன்னா எப்படி. வெளிய இருந்து உள்ள போறது மனுஷனைத் தீட்டுப்படுத்தாதுன்னு மாற்கு 7-ல அவரே சொல்றாரு.

அப்போஸ்தலர் 15-ஐ பொறுமையா படிங்க. யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் பண்ணி மோசே சட்டம் முழுசையும் கைக்கொள்ளணுமான்னு எருசலேம்ல பெரிய வாக்குவாதமே நடந்து, கடைசில அந்தியோகியா ஊர்ல இருந்த யூதரல்லாத விசுவாசிகளுக்குப் போன லெட்டர்ல நாலே விஷயம்தான் இருந்துச்சு: விக்கிரகத்துக்குப் படைச்சது, ரத்தம், நெருக்குண்டு செத்த மிருகம், வேசித்தனம். பன்றி அந்த லிஸ்ட்லயே இல்ல! (ரத்தப் பொரியல் பத்தி கேட்டுடாதீங்க, அது தனி பஞ்சாயத்து.) அதுக்காக கொலை, திருட்டு பத்தின கட்டளையும் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல, பவுல் ரோமர் 13-ல அதையெல்லாம் அன்புக்குள்ள அடக்கிடறாரு.

சனிக்கிழமையை ஓய்வுநாளா வச்சு, பன்றிக்கறியும் தொடாத ஓய்வுநாள் சபைக்காரங்க இதை வேற மாதிரிதான் எடுத்துப்பாங்க, வாதாடி ஜெயிக்க முடியாது. சாப்பாட்டால அடுத்தவங்களை இடறப் பண்ணாதீங்கன்னு ரோமர் 14 சொல்ற படி, நாத்தனார் வர்ற அன்னிக்கு கோழிக்குழம்பு வச்சிடுங்க.