வளரிளம் பருவத்தில் உணவுக் கோளாறும் மனச்சோர்வும்: எது முதலில் வருகிறது?

“15 வயது மகள் சாப்பாட்டைத் தவிர்க்கிறாள், எரிந்து விழுகிறாள். மனக்கவலையால் சாப்பிடவில்லையா, சாப்பிடாததால் இப்படி ஆகிவிட்டாளா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் நடக்கும். பதற்றம், தாழ்வு மனப்பான்மை, உடல் தோற்றம் குறித்த கேலி ஆகியவை பலரை உணவுக் கட்டுப்பாட்டுக்குள் தள்ளுகின்றன. எதுவும் கைக்குள் இல்லை என்று தோன்றும் வயதில், தட்டில் இருப்பதையாவது தானே தீர்மானிக்கலாம் என்ற ஆறுதல் அது. ஆனால் பட்டினியே மனத்தைக் குலைக்கவும் செய்யும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், ஆரோக்கியமான 36 இளைஞர்களின் உணவை ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்தார்கள். அவர்களில் பலருக்குச் சோர்வும் எரிச்சலும் வந்தன. பேச்சும் கனவும் உணவைப் பற்றியே ஆயின. ஆகவே உங்கள் மகளின் கோபத்தைத் திமிர் என்று எண்ணிவிடாதீர்கள்.

எடையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். இயல்பான எடையிலும் உணவுக் கோளாறு கடுமையாக இருக்கலாம்; ஆண்பிள்ளைகளுக்கும் வரும். சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போவது, மாதவிடாய் நிற்பது, மயக்கம் ஆகியவற்றைக் கவனியுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற தாது உப்பு குறைந்து இதயத்துடிப்பே தடுமாறும். மயங்கி விழுந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி குழந்தைநல மருத்துவரையும் மனநல மருத்துவரையும் சேர்த்தே பாருங்கள். பெற்றோர் உடனிருந்து உண்ண வைக்கும் குடும்பவழிச் சிகிச்சை இந்த வயதில் நல்ல பலன் தருகிறது. வீட்டில் யாருடைய உடலைப் பற்றியும் கருத்துச் சொல்வதை இன்றே நிறுத்துங்கள், பாராட்டாக இருந்தாலும்.